மூச்சுப் பிடிப்பு

எனக்குப் பொறுமை கிடையாது. பதுளை ஆஸ்பத்திரியில் என்னோடு வேலை செய்கிற யாரைக் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்வார்கள். நல்ல குணம் ஏதாவது உண்டா என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். பஸ்ஸுக்குக் காத்து நிற்கப் பிடிக்காது. ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்டால் பிடிக்காது. தேநீர் ஆறும்வரை பொறுக்காமல் நாக்கைச் சுட்டுக்கொள்கிறவள் நான். நோயாளியின் கழுத்தில் ஊசி ஏற்றும்போது மட்டும் இந்தக் குணமெல்லாம் எங்கேயோ போய்விடும். அந்த நேரத்தில் யார் கத்தினாலும் எது விழுந்தாலும் என் கை அவசரப்படாது என்று எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது.

அந்த நம்பிக்கையைச் சோதித்தவர் ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறிக்கிற பெண். நாற்பது வயது தாண்டியிருக்கும். ஒரு நாள் காலை மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தபோது குளவி கலைந்து கொட்டிவிட, தோட்டத்து லொறியில் தூக்கிப்போட்டுக் கொண்டுவந்திருந்தார்கள். முகம் வீங்கி, கண் இரண்டும் கோடாகிப் போயிருந்தன. கை, முதுகு, பிடரி என்று எங்கே பார்த்தாலும் கொட்டுக்காயம். இடுப்பில் சுற்றிக் கட்டுகிற படங்குத் துணிக்குள்ளேயும் குளவி புகுந்திருந்தது; தொடையெல்லாம் தடித்துத் தோல் உரிந்து கிடந்தது. எங்கள் பக்கத்தில் குளவிக்கொட்டு புதிய விஷயமில்லை. பெரும்பாலானவர்கள் ஊசி மருந்தோடு தேறி, இரண்டு நாளில் வீட்டுக்குப் போய்விடுவார்கள். இவருக்கு மூச்சுத் திணறல் அடங்கிவிட்டது. ஆனால் இரத்த அழுத்தம் மட்டும் நிற்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. அதனால்தான் எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தார்.

அழுத்தத்தைத் தூக்கிப் பிடிக்கிற மருந்து ஒன்று இருக்கிறது. அது போய்க்கொண்டிருக்கும் வரைதான் அவருக்கு உயிர். அதைப் புறங்கையில் குத்திய ஒரு சின்ன ஊசிக்குழாய் வழியாக ஏற்றிக்கொண்டிருந்தோம். வீங்கிய கைகளில் வேறு நரம்பு அகப்படவில்லை. படிப்பில் இதை நாளம் என்று சொல்லிக்கொடுத்தார்கள், நரம்பு வேறு என்றும் சொல்லிக்கொடுத்தார்கள். எங்கள் சனங்களுக்கு எல்லாமே நரம்புதான். எனக்கும் அப்படியே வாயில் வந்துவிட்டது.

மறுநாள் மத்தியானம் எங்கள் தாதி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். புறங்கை ஊசியைச் சுற்றித் தோல் வெளுத்துச் சில்லிட்டிருந்தது. மருந்து நரம்பைவிட்டு வெளியே கசிகிறது என்று அதற்கு அர்த்தம். கசிந்தால் அந்த இடத்துச் சதை செத்துப்போகும். கசிகிறதே என்று நிறுத்தினால் ஆளே போய்விடுவார். இதற்கு ஒரே வழி கழுத்தின் பெரிய நரம்பில் குழாய் வைப்பது. அந்தக் குழாயின் நுனி இதயத்துக்குக் கிட்டப் போய் நிற்கும். எவ்வளவு கடுமையான மருந்தையும் அங்கே தைரியமாக விடலாம். தொடையிலும் அப்படியொரு நரம்பு உண்டு. ஆனால் தோல் உரிந்து கிடந்த அந்தத் தொடையில் ஊசி வைக்க எனக்கு மனம் வரவில்லை.

பெரிய டொக்டர் சத்திரசிகிச்சைக் கூடத்தில் இருந்தார். தொலைபேசியில் கேட்டுவிட்டு, "நீ தொடங்கு. நான் இங்கே முடித்ததும் வருகிறேன்" என்று சிங்களத்தில் சொன்னார். எத்தனையோ தடவை செய்த வேலைதான்.

நான் கட்டிலருகே குனிந்து விஷயத்தைச் சொன்னேன்.

"கழுத்துலயாங்க?" என்றார் அந்தப் பெண். "வேணாங்க டொக்டரம்மா. கையிலயே குத்துங்க. நான் சத்தம் போட மாட்டேன்."

"கையில நரம்பு இல்லக்கா. மருந்து வெளிய போகுது. இத வைக்கலேன்னா உங்களக் காப்பாத்த முடியாது."

அப்படி முகத்துக்கு நேரே சொல்கிற பழக்கம் எனக்கு உண்டு. அவர் மறுகையால் கழுத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு, "அப்ப சரிங்க. எங்க வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருங்க" என்றார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவருடைய கணவரிடம் போய்ச் சொன்னேன். அவர் எழுந்து நின்று கேட்டார், தலையை ஆட்டினார், நான் திரும்பி நடந்த பிறகும் உட்காரவில்லை.

என்னைக் கூப்பிட்டுக் காட்டிய அந்தத் தாதி வெலிமடைக்காரர், சிங்களப் பெண். எங்கள் பிரிவில் எல்லோரும் தாதிகளை மிஸ் என்றுதான் கூப்பிடுவோம், நானும் அப்படித்தான். அரச பரீட்சைக்காகத் தமிழ் படித்தவர். பாஸ் பண்ணியதோடு புத்தகத்தை மூடிவைக்காமல் நோயாளிகளோடு பேசிப் பேசிப் பழகியிருந்தார். உச்சரிப்பில் சிங்கள ராகம் இருக்கும். நான் கிண்டல் பண்ணினால், "என் தமிழுக்கு நோயாளிகள் சிரிக்கிறார்கள், உங்கள் தமிழுக்கு அழுகிறார்கள்" என்பார்.

கட்டிலின் தலைப்பக்கத்தைத் தாழ்த்தினோம். இது ஏன் என்று சொன்னால்தான் மற்றது விளங்கும். நாம் மூச்சை உள்ளே இழுக்கும்போது நெஞ்சு காற்றை மட்டும் இழுப்பதில்லை, கழுத்து நரம்பில் இருக்கிற இரத்தத்தையும் இழுக்கிறது. அந்த நரம்புக்குள் ஊசி ஒன்று திறந்த வாயோடு நின்றால், அதன் வழியாக வெளிக்காற்றும் உள்ளே போகும். இரத்தம் போகிற பாதையில் காற்று புகுந்தால் இதயம் பம்ப் பண்ணிப் பண்ணி ஒன்றும் வெளியே வராது. தலையைத் தாழ்த்தினால் நரம்பு நிரம்பி நிற்கும், ஆபத்து குறையும். ஆனால் முழுக்கப் போய்விடாது. அதனால் ஊசி திறந்திருக்கும் அந்தச் சில விநாடி நோயாளி மூச்சை நிறுத்த வேண்டும். சிரிஞ்சைக் கழற்றியதும் ஊசியின் பின்வாயைக் கட்டைவிரலால் மூடிக்கொள்வோம். விரலை எடுத்து மெல்லிய கம்பியை உள்ளே விடுகிற நேரம்தான் கண்டம். சிரிஞ்சைக் கழற்றாமலே கம்பி விடுகிற மாதிரியான செட்டும் உண்டு. அன்றைக்கு எங்களிடம் இருந்தது சாதாரணமானது.

கையுறை, அங்கி எல்லாம் மாட்டிக்கொண்டு, கழுத்தைச் சுத்தம் செய்து, பச்சைத் துணியை விரித்தேன். அது முகத்தையும் மூடியது. ஸ்கேனை வைத்துப் பார்த்தேன். திரையில் இரண்டு கறுப்பு வட்டங்கள். லேசாக அழுத்தினால் அமுங்குவது நரம்பு. அமுங்காமல் துடித்துக்கொண்டே இருப்பது நாடி. அதைக் குத்திவிட்டால் வேறு வம்பு. அதற்குக் கொஞ்சம் கீழே போனால் நுரையீரலின் உச்சி. இந்தப் பெண்ணுக்கு, சேலைன் ஏற்றியும்கூட, ஒவ்வொரு மூச்சுக்கும் நரம்பின் இரண்டு சுவரும் ஒட்டிக்கொண்டு திரையில் காணாமல் போயின.

"இது கொஞ்சம் வலிக்கும்க்கா. அப்புறம் மரத்துப்போயிரும்."

"ம்" என்று துணிக்கடியிலிருந்து சத்தம் வந்தது.

மரத்துப்போகும் மருந்தைப் போட்டுவிட்டு ஊசியை எடுத்தேன். திரையில் பளிச்சென்று ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும். அது ஊசியின் நுனியாகவும் இருக்கலாம், நடுப்பகுதியாகவும் இருக்கலாம். நடுப்பகுதியை நுனி என்று நம்பித் தள்ளினால் நுனி எங்கே போய் நிற்குமென்று சொல்ல முடியாது. அதனால் கொஞ்சம் தள்ளி, ஸ்கேனை நகர்த்தி, புள்ளி மறைகிற இடத்தைக் கண்டுபிடித்து, மறுபடி கொஞ்சம் தள்ளி என்று போக வேண்டும். நான் அப்படித்தான் போனேன். நரம்பின் மேல்சுவர் குழிந்தது. இரத்தம் வரவில்லை. ஒட்டிக்கிடக்கிற நரம்பில் ஊசி இரண்டு சுவரையும் ஒன்றாகத் துளைத்துவிடும். சிரிஞ்சை இழுத்துப் பிடித்தபடி மிக மெதுவாக ஊசியைப் பின்னுக்கு எடுத்தேன். கருஞ்சிவப்பாக இரத்தம் வந்தது. துடிப்பில்லாத, அமைதியான இரத்தம்.

ஸ்கேனை ஓரமாக வைத்துவிட்டு, இடது கையை அவருடைய தோளில் ஊன்றி ஊசியை அசையாமல் பிடித்தேன். சிரிஞ்சைக் கழற்றிப் பின்வாயைக் கட்டைவிரலால் மூடினேன். வலது கையில் கம்பி தயார்.

மிஸ்ஸைப் பார்த்துத் தலையாட்டினேன். அவர் துணிக்கருகே குனிந்து, தன்னுடைய ராகத்தில், "அம்மா, மூச்சு பிடிங்க" என்றார். கடைசி எழுத்து மேலே ஏறி நின்றது. சிங்களவர்கள் தமிழ் பேசும்போது பல நேரம் அப்படித்தான், கேள்வி கேட்பது மாதிரி.

நெஞ்சு ஒரு கணம் அசையாமல் நின்றது. நான் கட்டைவிரலை எடுத்தேன்.

"மூச்சுப் பிடிப்பாங்க? அது போன வாரம் இருந்திச்சுங்க, தைலம் தேச்சதும்..."

பேசுவதற்காக அவர் ஒரு நல்ல மூச்சை இழுத்தார். ஊசியின் வாயில் நின்ற இரத்தம் உள்ளே ஓடி மறைந்தது. உதட்டை இடுக்கி உறிஞ்சுவது மாதிரி ஒரு சின்னச் சத்தம். என் கட்டைவிரல் மறுபடி அந்த வாய் மேல் இருந்தது. எப்போது வைத்தேன் என்று எனக்கே தெரியாது.

மூச்சுப் பிடிப்பு. மூட்டை தூக்குகிறவர்களுக்கும் கூடை சுமக்கிறவர்களுக்கும் வருகிற வியாதி. முதுகிலோ விலாவிலோ பிடித்துக்கொள்ளும், இழுத்து மூச்சு விட முடியாது. எங்கள் அப்பாவுக்குப் பதுளைக் கடைத்தெருவில் கடை. சம்பளத்துக்கு மறுநாள் தோட்டத்திலிருந்து வருகிறவர்கள் தைலம் கேட்கும்போது இந்தப் பெயரைச் சொல்லித்தான் கேட்பார்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று எத்தனை தடவை கேட்டிருப்பேன். மிஸ் இதே சொல்லை இதற்கு முன்னால் எத்தனையோ பேரிடம் சொல்லி, அவர்களும் ஒழுங்காக மூச்சை நிறுத்தியிருக்கிறார்கள். முகத்தை மூடிப் படுக்கவைத்த ஒரு கொழுந்துக்காரிக்கு அது நலம் விசாரிப்பதாகக் கேட்குமென்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. கேட்டதற்கு அவர் மரியாதையாகப் பதில் சொன்னார், அவ்வளவுதான்.

ஊசியை எடுத்து, பஞ்சால் அழுத்திக்கொண்டு, "காற்று போய்விட்டது. இடப்பக்கம் திருப்புங்கள், ஒக்சிஜனை முழுக்கத் திறவுங்கள்" என்றேன். மிஸ் கேள்வி கேட்கவில்லை. துணியை வாரிப் போட்டுவிட்டு, தலை தாழ்ந்தபடியே அவரை இடப்பக்கம் திருப்பினோம். அப்படிப் படுக்கவைத்தால் உள்ளே போன காற்று இதயத்தின் ஓர் ஓரத்தில் ஒதுங்கி, இரத்தத்துக்கு வழிவிடும் என்பது கணக்கு. மொனிட்டர் திரையில் அழுத்தம் இறங்கியது. ஒக்சிஜன் அளவும் இறங்கியது. எச்சரிக்கை மணி அடிக்கத் தொடங்கியது. அதை நிறுத்தக்கூட ஒருவருக்கும் கை வரவில்லை. செய்ய வேண்டியதையெல்லாம் செய்தாகிவிட்டது, இனிமேல் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் வேலை. பொறுமை இல்லாதவளுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. போயிராதீங்க, போயிராதீங்க என்று உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டு நின்றேன்.

இறங்கிய எண்கள் ஒரு இடத்தில் நின்றன. பிறகு அரைமனதோடு ஏறத் தொடங்கின. போன காற்று கொஞ்சம்தான். போன உயிர் திரும்பி வந்தது எனக்கா அவருக்கா என்று தெரியவில்லை.

பெரிய டொக்டருக்குத் தொலைபேசியில் நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவரால் இன்னும் வர முடியாது.

"கை நடுங்குகிறதா?" என்று கேட்டார்.

"இல்லை சேர். கோபம் வருகிறது."

"யார் மேல்?"

"அதுதான் தெரியவில்லை."

"அப்படியென்றால் போடலாம். அழுத்தம் நிலைக்கு வந்ததும் போடு."

வேறு வழியும் இருக்கவில்லை. புறங்கையில் வெளுத்த வட்டம் பெரிதாகிக்கொண்டிருந்தது. மருந்து பாதி உள்ளேயும் பாதி சதைக்குள்ளேயும் போய்க்கொண்டிருந்தது. மிஸ் அந்தக் கையைத் தன் உள்ளங்கையில் ஏந்தி, ஊசி மடங்காமல் பிடித்துக்கொண்டே நின்றார். "நான் சொன்னது பிழையா?" என்று சிங்களத்தில் மெதுவாகக் கேட்டார். பிழையில்லை, சரியான தமிழ்தான், இந்த ஊரில் அதற்கு இன்னொரு அர்த்தமும் இருக்கிறது என்றேன். அவருக்குக் கண் கலங்கியது. எனக்கு ஆறுதல் சொல்ல வராது. தோளால் அவரை லேசாக இடித்துவிட்டு அந்தப் பெண்ணிடம் போனேன். நடந்ததை மறைக்கக்கூடாது என்று நினைத்தேன். மறைத்திருந்தாலே நல்லதாகப் போயிருக்கும்.

"கொஞ்சம் காத்து உள்ள போயிருச்சுக்கா. இப்ப சரியாயிருச்சு. மறுபடியும் ஒருக்கா போடணும்."

வீங்கிய கண்களைத் திறக்கப் பார்த்தார். "காத்தா? காத்து கருப்புங்களா?"

பேய் பிசாசு பிடித்தால் எங்கள் சனங்கள் காத்து அடித்துவிட்டது என்பார்கள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு. ஒரு சொல்லால் ஒரு விபத்து நடந்து முடிந்து, அடுத்த சொல்லை நானே எடுத்துக் கொடுத்திருந்தேன்.

"அந்தக் காத்து இல்லக்கா. வெளிக்காத்து. நாம இழுக்குற காத்து."

அவர் நம்பவில்லை. அழ ஆரம்பித்தார். "மலையிலயே புடிச்சிருச்சு போல. என்னைய விட்டுருங்க டொக்டரம்மா. வீட்டுக்குக் கொண்டு போகச் சொல்லுங்க." வாயால் மூச்சை இழுத்து இழுத்து அழுதார். ஒவ்வோர் அழுகைக்கும் அந்தக் கழுத்து நரம்பு எப்படி ஒட்டிக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும்.

இரண்டாம் முறை முகத்தை மூடவில்லை. துணியை மடித்து, கன்னத்தோடு நிறுத்தி, அவருடைய கண்ணும் வாயும் எனக்குத் தெரிகிற மாதிரி வைத்தேன். ஊசியை எடுப்பதற்கு முன்னால் பழக்கினேன்.

"தம் கட்டத் தெரியுமாக்கா? தண்ணிக்குள்ள முங்குறப்ப கட்டுவமே, அது மாதிரி. நான் சொன்னதும் தம் கட்டணும்."

"தெரியுங்க" என்றார். ஒருமுறை கட்டிக் காட்டினார். அடுத்த முறை பாதியில் விம்மல் வந்து உடைந்தது. மூன்றாவது பரவாயில்லை. இதற்கு மேல் பழக்க நேரமில்லை. அழுத்தம் மறுபடி சரியத் தொடங்கியிருந்தது.

ஸ்கேனில் கழுத்தைப் பார்த்தேன். பழைய துளையைச் சுற்றி இரத்தம் கட்டவில்லை. அதற்குக் கொஞ்சம் மேலே ஊசியை வைத்தேன். தள்ளி, பார்த்து, தள்ளி, பார்த்து. நரம்பு ஒட்டியது, பிரிந்தது. பிரிகிற கணத்துக்காகக் காத்திருந்து உள்ளே போனேன். இந்த முறை உடனே இரத்தம் வந்தது. சிரிஞ்சைக் கழற்றினேன், கட்டைவிரலை வைத்தேன்.

"தம் கட்டுங்கக்கா."

அவர் கட்டப் பார்த்தார். உதடு நடுங்கியது. விம்மல் வெடித்துக்கொண்டு வந்தது. "முடியலீங்க, முடியலீங்க." நெஞ்சு ஏறி இறங்கியது. விரலுக்கடியில் ஊசியின் வாய் என் தோலை உறிஞ்சுவது கையுறைக்குள் தெரிந்தது. விரலை எடுக்க முடியாது. எடுக்காமல் கம்பியை விடவும் முடியாது. இப்படியே நின்றால் ஊசி அசையும், நரம்பு கிழியும். மணி அடிக்கத் தொடங்கியது. மேல் அழுத்தம் எழுபதுக்குக் கீழே போய்விட்டது. மிஸ் என்னைப் பார்த்தார்.

குளவிக்கொட்டோடு வருகிறவர்கள் எல்லோரும் எங்களிடம் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். மலையில் யாராவது ஒருவர் கூடு கலைந்ததைப் பார்த்துச் சத்தம் கொடுப்பார். அந்த ஒரு வார்த்தை நிரை நிரையாகப் போகும். கேட்டவர்கள் கூடையைப் போட்டுவிட்டுத் தேயிலைச் செடிக்கடியில் குப்புற விழுந்து, படங்கால் தலையை மூடி, மூச்சை அடக்கிக்கொள்வார்கள். மூச்சுக் காற்றுக்குக் குளவி வரும் என்பது அவர்களுடைய கணக்கு. யாரும் யோசித்துச் செய்வதில்லை. உடம்பு தானாகச் செய்துவிடும்.

நான் அவருடைய காதருகே குனிந்தேன். சத்தமே போடவில்லை.

"குளவி" என்றேன்.

விம்மல் பாதியில் அறுந்தது. கண் இறுக மூடியது. கை இரண்டும் மடங்கின. நெஞ்சு நின்றது, அந்தக் கட்டிலில் உயிருள்ள ஒரு ஆள் படுத்திருப்பதாகவே தெரியவில்லை. கட்டைவிரலை எடுத்தேன். கம்பியை விட்டேன். எந்தத் தடையும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. மொனிட்டரில் இதயம் ஒரு துடிப்பைத் தவறவிட்டது. கம்பி இதயத்தைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். கொஞ்சம் பின்னுக்கு இழுத்தேன், துடிப்பு சீரானது. கம்பியை விடாமல் பிடித்தபடி ஊசியை உருவி எடுத்தேன். இனிப் பயமில்லை.

"முடிஞ்சுதுக்கா. மூச்சு விடுங்க."

அவர் விடவில்லை.

"அக்கா, மூச்சு விடலாம். விடுங்க."

கல்லாகக் கிடந்தார். உதடு நீலம் பாய்ந்தது. ஒக்சிஜன் அளவு இறங்கிக்கொண்டே வந்தது. என் ஒரு கை கம்பியில், மறுகை கழுத்தில்; இரண்டையும் எடுக்க முடியாது. மிஸ் அவருடைய கன்னத்தைத் தட்டினார், தோளைப் பிடித்து உலுக்கினார். "என்ன சொன்னீர்கள் இவரிடம்?" என்று சிங்களத்தில் கத்தினார். அவ்வளவு வருடத்தில் அவர் என்னிடம் குரலை உயர்த்தியது அந்த ஒரு தடவைதான். நானே கொன்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

பிறகுதான் புத்தி வந்தது. மறுபடி குனிந்தேன்.

"போயிருச்சுக்கா. குளவி போயிருச்சு. எந்திரிங்க."

அவர் மூச்சு விட்டார். நீளமாக, இருமலோடு வந்தது. நானும் அப்போதுதான் விட்டேன்.

மற்றதெல்லாம் பழகிய வேலை. கம்பி நரம்புக்குள்தான் இருக்கிறதா என்று ஸ்கேனில் இன்னொரு முறை பார்த்தேன். துளையைப் பெரிதாக்கி, கம்பி மேலேயே குழாயை ஏற்றினேன். கம்பியை உருவி எடுத்து, "கம்பி வெளியே வந்துவிட்டது" என்று சத்தமாகச் சொல்லி மிஸ்ஸுக்குக் காட்டினேன். உள்ளே மறந்து விடுகிற விபத்து எந்த ஊரிலும் நடக்கும் என்பதால் எங்கள் பிரிவில் இப்படிச் சொல்லிக் காட்டாமல் யாரும் தையல் போட மாட்டோம். "பார்த்தேன்" என்றார் மிஸ், என் முகத்தைப் பார்க்காமல். மருந்தைப் புதுக் குழாய்க்கு மாற்றினோம். அழுத்தம் எழுந்து நின்றது. புறங்கை ஊசியைக் கழற்றியதும் மிஸ் அந்தக் கையைத் தலையணை மேல் வைத்தார். பெரிய டொக்டர் வந்து எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, குழாய் சரியான இடத்தில் இருக்கிறது என்று சொல்லிப் போனார். வெளியே போய்க் கணவரிடம் முதல் முறை நடந்ததையும் இரண்டாம் முறை நடந்ததையும் சொன்னேன். அவர் என்னைக் கும்பிட்டார். கும்பிட வேண்டாம் என்று எரிந்து விழுந்தேன்.

மறுநாள் காலை அந்தப் பெண்ணின் முக வீக்கம் வடிந்து கண் திறந்திருந்தது. முதல் தடவையாக அவருடைய முகத்தைப் பார்த்தேன். நான் நினைத்ததைவிடச் சின்ன வயது. கழுத்துக் கட்டைச் சரிபார்க்கிற சாக்கில் பக்கத்தில் உட்கார்ந்தேன். மனதில் இருந்ததை வைத்துக்கொண்டு நடமாட என்னால் முடியாது.

"நேத்து குளவின்னு சொன்னேனே, அது பொய்க்கா. ஒங்கள அசையாம வைக்கத்தான் சொன்னேன்."

"தெரியுங்க" என்றார். "ஆஸ்பத்திரிக்குள்ள குளவி எப்புடிங்க வரும்?"

"தெரிஞ்சுமா அப்புடி மூச்ச அடக்குனீங்க? நான் விடச் சொல்லியும் விடல?"

"போயிருச்சுன்னு யாராச்சும் சொல்லாம எந்திரிக்கக் கூடாதுங்க."

நான் கட்டின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தேன். அவர் கூரையைப் பார்த்தார். பிறகு யாரையும் குறை சொல்லாத குரலில் சொன்னார்.

"மலையில சத்தம் கேட்டப்பவும் நான் பொய்யின்னுதான் நெனச்சேன், டொக்டரம்மா. புள்ளைக அடிக்கடி வெளையாட்டுக்குக் கத்துவாளுக, கங்காணிய ஓட விடுறதுக்கு. எல்லாரும் படுத்துட்டாங்க. நான் மட்டும் சிரிச்சுக்கிட்டே நின்னு கொழுந்தெடுத்தேன்." கழுத்துக் குழாயை விரல் நுனியால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையைக் கீழே போட்டார். "இனிமே யாரு சொன்னாலும் படுத்துக்குவேங்க."